செருப்பு ஏன் கடிக்கிறது?

தீபாவளிக்கு முந்தின வாரம் சைதாப்பேட்டை பஜார் ரோடில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜவுளிக் கடையில் ஓர் அம்மாள் புடவை எடுத்துக் கொண்டிருப்பார். கரையைப் பார்ப்பார்; தலைப்பைப் பார்ப்பார்; வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்ப்பார்; தோளில் போட்டுப் பார்ப்பார்; நாத்தனாரின் தோளிலும் போட்டுப் பார்ப்பார். நாற்பது புடவைகள் பிரிந்து கிடக்கும். ஒரு மணி நேரம் கழித்து, முதலில் பார்த்த புடவையையே எடுத்துக் கொண்டு எழுந்திருப்பார்.

அதே அம்மாள் அடுத்தாற் போல் செருப்புக் கடையில் நுழைகிறார். அங்கே ஐந்தே நிமிஷம்!

"கொஞ்சம் பிடிக்கிற மாதிரி இருக்கே?"

"புதுசு இல்லையா, அம்மா? போடப் போட விட்டுக் கொடுக்கும்!"

"அப்படியா? சரி, கட்டிக் கொடுங்கள்."

விட்டுக் கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் விட்டுக் கொடுப்பது செருப்பா, காலா என்பதை மட்டும் கடைக்காரர் சொல்லவில்லை. அநேகமாகக் கால்தான் விட்டுக் கொடுக்கிறது. சுண்டு விரலில் காய்ப்பு, குதிகாலில் கொப்புளம், கட்டை விரல் ஒரு பக்கமாகச் சாய்ந்து போவது, இவையெல்லாம் கால் செய்து கொண்ட சமரசங்கள்.

'செருப்பு கடிக்கிறது' என்று தமிழில் எவ்வளவு அழகாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்! நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். செருப்பு கடித்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தடவிக் கொண்டு, மறுநாளும் அதே செருப்பை மாட்டிக் கொள்கிறோம். குடும்பத்தில் எல்லாருடைய சௌகரியத்தையும் கவனிக்கிற பெண்மணிகள்தான் இந்த விஷயத்தில் தங்களை அதிகமாக அலட்சியம் செய்து கொள்கிறார்கள்.

ஒரு பாதத்தில் இருபத்தாறு எலும்புகள். இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஐம்பத்திரண்டு. மனித உடம்பில் உள்ள எலும்புகள் மொத்தம் 206. அதாவது, உடம்பின் எலும்புகளில் கால் பங்கு கால்களிலேயே இருக்கிறது! இவ்வளவு நுட்பமான யந்திரத்தை ஐந்து நிமிஷத்தில் தேர்ந்தெடுத்த உறைக்குள் திணித்தால் அது முனகாமல் என்ன செய்யும்?

யாருடைய காலுக்கு எடுத்த அளவு?

செருப்பு கடிப்பதற்குக் காரணம் நம் அவசரம் மட்டும் அல்ல. அளவிலேயே ஒரு கோளாறு இருக்கிறது.

கடையில் "நாலாம் நம்பர் கொடுங்கள், ஐந்தாம் நம்பர் கொடுங்கள்" என்று கேட்கிறோமே, அந்த நம்பர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய இங்கிலாந்தில் மூன்று வாற்கோதுமை மணிகளை நீளவாட்டில் வைத்தால் ஓர் அங்குலம் என்று கணக்கு. அந்த ஒரு வாற்கோதுமை மணியின் நீளம்தான், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான், ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம். நம் முன்னோர்கள் எட்டு நெல் ஒரு விரல் என்று அளந்தார்கள். அவர்கள் வாற்கோதுமையால் அளந்தார்கள். வேறு சில செருப்புகளில் 36, 37, 38 என்று போட்டிருக்கும். அது பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு. அதில் ஒரு நம்பர் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு.

இரண்டு கணக்கும் முக்கியமாக நீளத்தைச் சொல்லும். அகலத்தைச் சொல்லாது. நம் தேசத்துக் கால்களோ அகலமானவை.

ஜோடு தைக்கிறவர்கள் முதலில் பாதத்தைப் போன்ற ஓர் அச்சைச் செய்து கொள்கிறார்கள். தொழிலில் அதற்கு 'லாஸ்ட்' என்று பெயர். அந்த அச்சின் மேல் தோலை இழுத்துப் பொருத்தித்தான் ஜோடு உருவாகிறது. அச்சு யாருடைய காலைப் போல இருக்கிறதோ, அவருடைய காலுக்குத்தான் ஜோடு பொருந்தும். பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தொழிற்சாலைகளிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏராளமாக ஜோடுகள் போகின்றன. அங்கே மெஷினில் உட்கார்ந்து தைப்பவர்களில் மிகப் பலர் பெண்கள். அவர்கள் தைத்த ஜோடு ஜெர்மனியில் இருக்கும் ஒரு பெண்மணியின் காலுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் தைத்த ஆம்பூர்ப் பெண்ணே அதைப் போட்டுப் பார்த்தால், முன்பக்கம் இறுக்கிப் பிடித்தாலும் ஆச்சரியம் இல்லை!

இந்தக் கோளாறைத் தீர்க்க ஒரு முயற்சி சைதாப்பேட்டைக்கு வெகு அருகிலேயே நடந்திருக்கிறது. மறைமலை அடிகள் பாலத்தைத் தாண்டி, சின்னமலையைக் கடந்து, கிண்டிப் பூங்காவின் ஓரமாக அடையாறுப் பக்கம் போனால், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வரும். 1948-ஆம் ஆண்டில் ஏற்பட்டது அது. அந்த நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை தேசத்தின் 79 இடங்களில் 1,01,880 பேருடைய கால்களை அளந்தார்கள். ஐந்து வயதுக் குழந்தை முதல் ஐம்பத்தைந்து வயதுக்காரர் வரையில் எல்லாரும் அதில் உண்டு. டேப்பை வைத்து அளக்கவில்லை; பாதத்தின் நீளம், அகலம், உயரம், வளைவு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் படம் பிடிக்கும் கருவியை வைத்து அளந்தார்கள்.

என்ன தெரிந்தது? மேல்நாட்டார் கால்களை விட நம்மவர் கால்கள் அகலம் என்பது ஊர்ஜிதமாயிற்று. இன்னொரு விஷயம் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. பெண் குழந்தையின் பாதம் சராசரியாகப் பதினோரு வயதிலேயே பெரும்பாலும் வளர்ந்து முடிந்து விடுகிறதாம். பையனுக்குப் பதினைந்து, பதினாறு ஆகிறது. ஆகவே, "சின்னப் பெண்தானே!" என்று ஆறாம் வகுப்புப் பெண்ணுக்குச் சிறிய ஜோடை மாட்டி விடக் கூடாது.

இந்தக் கணக்குகளை வைத்து, பாரதம் என்பதன் முதல் எழுத்தால் 'பா' என்று பெயரிட்டு, ஒரு புதிய அளவு முறையை வகுத்திருக்கிறார்கள். கைக்குழந்தை முதல் பெரியவர்கள் வரை எட்டுப் பிரிவுகள். அது எல்லாக் கடைகளுக்கும் வந்து நிலைக்கும் வரையில், நம் காலுக்கு நாமே காவல்.

மெட்டியும் மாசமும்

கால் அளவைப் பற்றிப் புத்தகம் எழுதிய மேல்நாட்டார்கள் ஒன்றை மறந்து விட்டார்கள். அது மெட்டி! நம் பெண்களின் இரண்டாவது விரலில் வெள்ளி வளையம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. முனை குறுகலான ஜோட்டில் அந்த விரல் நெருக்கப்பட்டால், மெட்டி இரண்டு பக்கத்து விரல்களையும் அழுத்திப் புண்ணாக்கி விடும். ஆகையால் மெட்டி போடுகிறவர்கள் மூடின ஜோடு வாங்கும் போது முன்பக்கம் அகலமாகவும் உயரமாகவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெட்டியோடு போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று பிள்ளைப்பேறு. மாசமாக இருக்கும் போது உடம்பின் தசைநார்கள் தளர்கின்றன. உடம்பின் பளுவும் கூடுகிறது. பாதத்தின் வளைவு கொஞ்சம் தட்டையாகிப் பாதம் நீண்டு விடுகிறது. முக்கியமாக முதல் குழந்தைக்குப் பிறகு பலருக்கு அந்த நீளம் அப்படியே நின்று விடுகிறது. கல்யாணத்தின் போது நாலாம் நம்பர் போட்டவர், இரண்டு குழந்தைகள் பிறந்து வளர்ந்த பிறகும், "எனக்கு எப்போதும் நாலுதான்" என்று சாதிப்பதில் அர்த்தம் இல்லை. ரவிக்கைக்குப் புதிதாக அளவு கொடுக்கிறோம் அல்லவா? காலுக்கும் கொடுத்தால் என்ன?

பனி மலை சொல்லும் பாடம்

"அப்படியானால் ஒரு நம்பர் பெரிதாகவே வாங்கி விட்டால் வம்பில்லையே!" என்று சிலர் நினைக்கக் கூடும். அதுவும் தப்பு. இதை நன்றாக அறிந்தவர்கள் பனிச் சறுக்கு விளையாடுகிறவர்கள்.

காஷ்மீரத்தில் குல்மார்க்கிலும், உத்தராகண்டத்தில் ஔலியிலும் பனி மலைச் சரிவில் இறங்கும் அந்த விளையாட்டுக்குப் போடும் பூட்ஸ், வெளியே கெட்டியான பிளாஸ்டிக், உள்ளே மெத்தென்ற உறை என்று இரண்டு பகுதியாக இருக்கும். அதன் அளவு வாற்கோதுமைக் கணக்கில் இல்லை. பாதத்தின் நீளம் எத்தனை சென்டிமீட்டரோ அதுவே நம்பர். பூட்ஸைப் பொருத்துகிறவர் முதலில் உள் உறையை வெளியே எடுத்து விடுவார். வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்னால் படும்படி நிற்கச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறதென்று பார்ப்பார். ஒரு விரல் முதல் இரண்டு விரல் வரை இருந்தால் சரி. உறையோடு போட்டு நேராக நின்றால் விரல் நுனி லேசாக முட்டும். முழங்காலை மடித்ததும் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்து, விரல்களுக்கு இடம் கிடைத்து விடும்.

புதிதாகப் பழகுகிறவர் இதை அறியாமல், கடையில் நிற்கும் போது 'அப்பாடா' என்று இருக்கிற பெரிய பூட்ஸைத்தான் கேட்பார். மலையில் இறங்கும் போது கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடும். அது ஓடாமல் இருக்கக் கொக்கிகளை இறுக்குவார். இறுக்கின இடமெல்லாம் வலிக்கும். ஆக, அளவு பெரிதானாலும் வலிதான்!

நமக்குப் பனி மலை இல்லாவிட்டாலும் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. தொளதொளவென்ற செருப்பைப் போட்டுக் கொண்டு 'டவுன் பஸ்'ஸுக்கு ஓடும் பெண், செருப்பு கழன்று விடாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக் கொண்டே நடக்கிறாள். சாயங்காலம் கெண்டைக் கால் வலிக்கிறது என்கிறாள். குதிகாலைப் பிடித்துக் கொள்ள வேண்டும். விரல்களை விட்டு விட வேண்டும். பூட்ஸானாலும் செருப்பானாலும் சூத்திரம் இதுதான்.

வலிக்காத காலின் ஆபத்து

இதுவரை சொன்னது கடிக்கிற செருப்பைப் பற்றி. கடித்தும் வலிக்காத செருப்பு ஒன்று உண்டு. அதுதான் மிகவும் பொல்லாதது.

சைதாப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்திரண்டு. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. பேத்தியின் கல்யாணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக் கொண்டு இரண்டு நாள் ஓடியாடி வேலை செய்தார். "கால் வலிக்கவே இல்லை!" என்று பெருமை வேறு. மூன்றாம் நாள் கால் கழுவும் போதுதான் மருமகள் பார்த்தாள். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் வார் அறுத்து, புண் ஆழமாகியிருந்தது. மாமிக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு மாசம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் அந்த விரலை எடுக்கும்படி ஆயிற்று.

நீரிழிவு பல வருஷம் நீடித்தால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் கெட்டுப் போகக் கூடும். அப்போது முள் குத்தினாலும், வார் அறுத்தாலும், சித்திரை வெயிலில் காய்ந்த கோயில் பிராகாரத்துக் கல் சுட்டாலும் தெரிவதில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி நம் தேசத்தில் நீரிழிவுக்காரர்கள் சுமார் 10 கோடிப் பேர். ஆகையால் இது ஏதோ ஒரு மாமியின் கதை அல்ல.

வலி இல்லாமைதான் புண்ணுக்குக் காரணம் என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் நம் கொல்லி மலையில் 1914-ல் பிறந்த ஓர் ஆங்கிலேயர்: டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கை கால்களைச் சீர்படுத்தும் பணியில் இறங்கினார். தொழுநோயினால் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே எல்லாரும் நம்பி வந்த காலம் அது. உணர்ச்சி போய் விட்டதால் நோயாளி தன்னை அறியாமல் காயப்படுத்திக் கொள்கிறார், அதன் மேலேயே நடக்கிறார், அதனால்தான் புண் ஆறவில்லை என்று அவர் கண்டார்.

அவரே ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு சமயம் நீண்ட பிரயாணம் முடிந்து லண்டன் போய்ச் சேர்ந்த இரவு, ஸாக்ஸைக் கழற்றும் போது ஒரு குதிகாலில் உணர்ச்சி இல்லாதது போல் இருந்தது. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்து விட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் தவித்தார். பொழுது விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். சுரீர் என்று வலித்தது. பிரயாணத்தில் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் நரம்பு மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்! அன்று முதல் வலியைக் கடவுள் கொடுத்த வரம் என்றே அவர் பேசி வந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் நீரிழிவுக்காரர்களின் கால்களுக்கும் இதே வைத்தியத்தைக் கொண்டு போனார். 2003-ல் காலமானார்.

உணர்ச்சி இல்லாத கால்களுக்கென்று தொழுநோய் ஆஸ்பத்திரிகளில் ஒரு வகை ரப்பர்ச் செருப்பு பழக்கத்துக்கு வந்தது. சுருக்கமாக 'எம்.ஸி.ஆர்.' என்பார்கள். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த அந்த ரப்பர், உடம்பின் பாரத்தை ஒரே இடத்தில் விழ விடாமல் பாதம் முழுவதும் பரப்பி விடும். இன்று நீரிழிவுக்காரர்களுக்கும் டாக்டர்கள் அதைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். 1954-ல் ஏற்பட்ட ராயபுரத்து எம்.வி. நீரிழிவு மருத்துவமனை போன்ற இடங்களில் பாதத்துக்கென்றே தனி வைத்தியம் நடக்கிறது. முன்பே காலில் புண் வந்து ஆறியவர்களைச் சில மாதங்கள் கவனித்த ஒரு சென்னை ஆய்வு 2004-ல் வெளியாயிற்று. மெத்தென்ற பாதுகாப்புச் செருப்பு அணிந்தவர்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்குத்தான் மறுபடி புண் வந்தது. கெட்டியான சாதாரணச் செருப்பு அணிந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு வந்தது!

ஆனால் சிலர் அதைப் போட்டுக் கொள்ளக் கூசுகிறார்கள். "அது பெரிய வியாதிக்காரர்கள் போடுகிற செருப்பாச்சே!" என்கிறார்கள். மருமகள்களும் பெண்களும்தான் நயமாக எடுத்துச் சொல்ல வேண்டும். செருப்பைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்பதை விட, விரல்கள் பத்தும் இருக்கின்றனவா என்பது முக்கியம்.

உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார். வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். பெரியவரைக் கண்ணை மூடிக் கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் ஆகிய ஆறு விரல்களின் நுனியையும் உங்கள் விரலால் இரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

செருப்பு வாங்கப் போகுமுன்

இனி, எல்லாரும் செய்யக் கூடியவை சில:

1. நாள் முழுதும் நடமாடிய பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஆகவே செருப்பு வாங்கச் சாயங்காலமே உகந்த வேளை. காலையில் சரியாக இருப்பது மாலையில் பிடிக்கும்.

2. சுவரில் குதிகால் படும்படி ஒரு காகிதத்தின் மேல் நில்லுங்கள். உட்கார்ந்து கொண்டு அளக்கக் கூடாது. பாரம் விழுந்தால்தான் பாதம் தன் முழு அளவைக் காட்டும். வேறொருவரைப் பென்ஸிலை நேராகப் பிடித்துக் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு கால்களுக்கும் போட வேண்டும். அநேகருக்கு ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்கே செருப்பு வாங்க வேண்டும்.

3. அந்தக் காகிதத்தைக் கோட்டின் மேல் கத்தரித்து எடுத்துக் கொண்டு கடைக்குப் போங்கள். செருப்பின் அடித்தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். காகிதம் பக்கங்களில் வெளியே நீட்டிக் கொண்டிருந்தால், எத்தனை அழகான செருப்பானாலும் அது உங்களுடையது அல்ல.

4. மூடின ஜோடானால், மிக நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். சிலருக்குக் கட்டை விரலை விட இரண்டாவது விரல் நீளம். அவர்கள் அதற்குத்தான் இடம் பார்க்க வேண்டும்.

5. இரண்டு காலிலும் போட்டுக் கொண்டு கடைக்குள் நாலு தடவை நடங்கள். குதிகால் வழுக்குகிறதா? விரல் முட்டுகிறதா? தோல் அகலவாட்டில் சிறிது இளகிக் கொடுக்கும், நீளவாட்டில் கொடுக்காது. பிளாஸ்டிக், ரெக்ஸின் வகைகள் இரண்டிலும் கொடுக்க மாட்டா.

6. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று இரண்டு நம்பர் பெரிதாக வாங்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜோட்டின் முனையை அழுத்தி, விரல் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். ஸாக்ஸும் சிறிதாகி விட்டதா என்று பாருங்கள்.

7. நீரிழிவுக்காரர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கட்டை விரலிடுக்கில் மாட்டும் செருப்பு வேண்டாம். பின்னால் வார் உள்ளதாக இருக்கட்டும். போடுமுன் கையை உள்ளே விட்டுத் துழாவி, கல், முள், ஆணி இல்லையென்று பார்க்க வேண்டும். புதுச் செருப்பை முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, பாதத்தில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் படுக்குமுன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலையும் பார்த்துக் கொள்வது நல்லது. காரணீசுவரர் கோயிலுக்கோ வேறு கோயிலுக்கோ போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய் வருவதே உத்தமம்.

இவ்வளவும் செய்ய அதிகச் செலவு ஏதும் இல்லை. ஒரு காகிதம், ஒரு பென்ஸில், சாயங்காலத்தில் அரைமணி நேரம், அவ்வளவே. அண்ணனுடைய பாதுகையைத் தலையில் தாங்கி வந்து சிம்மாசனத்தில் வைத்தான் பரதன். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காலில் போடுவதைக் காலுக்குத் தகுந்ததாகப் போட்டால் போதும். அடுத்த தடவை கடைக்காரர், "போடப் போட விட்டுக் கொடுக்கும், அம்மா!" என்று சொன்னால், "வாஸ்தவம். ஆனால் இந்தத் தடவை என் கால் விட்டுக் கொடுப்பதாக இல்லை!" என்று சொல்லி விட்டு, அடுத்த ஜோடியைக் கேளுங்கள்.